மெனுவில் மாற்றம் கேட்பது எப்படி? சொன்னது சொன்னபடி தட்டில் வர ஒரு முழுமையான வழிகாட்டி

"வெங்காயம் வேண்டாம், காரம் குறைவாக, சாஸ் தனியாக." மேசையில் உட்கார்ந்து இதைச் சொல்ல ஐந்து விநாடி போதும். அது தட்டில் வந்து சேர்வதற்குள் என்னென்ன ஆகிறது என்பதை, சில ஆண்டுகள் ஓர் உணவகத்தில் சர்வராக இருந்தபோது தினமும் பார்த்தேன். வாடிக்கையாளர் சொன்னது என் காதில் சரியாக விழ வேண்டும். விழுந்தது சீட்டில் ஏற வேண்டும். சீட்டைச் சமையலறையில் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். எண்ணெய் பொரியும் சத்தத்துக்கும் புகைபோக்கியின் இரைச்சலுக்கும் நடுவே அடுப்படியில் நிற்பவர் அதைக் கேட்க வேண்டும். கேட்டவர், பத்து நிமிடம் கழித்து வாணலியைக் கையில் எடுக்கும்போது அதை மறக்காமல் இருக்க வேண்டும். இத்தனை பேரைத் தாண்டி "வெங்காயம் வேண்டாம்" உருக்குலையாமல் போய்ச் சேர்வதே பெரிய விஷயம்.

இப்போது நான் மேசைக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் உட்காருகிறேன். மாற்றம் கேட்கத் தயங்குவதில்லை. காசு கொடுத்து வாங்கிய உணவில் பாதியை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் இன்றும் மனம் கேட்பதில்லை. எதைக் கேட்டால் நடக்கும், எதைக் கேட்டால் "சரி" என்று தலையாட்டிவிட்டு அப்படியே கொண்டுவந்து வைப்பார்கள் என்பது தெரிந்திருந்தால் போதும்.

1. உங்களுக்கு முன்பே முக்கால்வாசி சமைத்தாகிவிட்டது

மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன. ஆர்டர் கொடுத்த பிறகுதான் சமைக்கத் தொடங்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சமைத்தால் ஒரு மேசைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். காலையிலேயே காய்கள் நறுக்கப்பட்டு, இறைச்சி மசாலாவில் ஊறி, சூப்புக்கான சாறு கொதித்து, குழம்புக்கான அடிப்படை பெரிய பாத்திரத்தில் தயாராகி, பாஸ்தா முக்கால் வேக்காட்டில் எண்ணெய் தடவி வைக்கப்பட்டிருக்கும். பிரெஞ்சுச் சமையலறைகளில் இந்த முன்தயாரிப்புக்கு "மீஸ் ஆன் ப்ளாஸ்" என்று பெயர். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைப்பது என்று பொருள். சீட்டு வந்த பிறகு நடப்பது கடைசிக் கால்வாசி வேலைதான்: சூடாக்குவது, வதக்குவது, சேர்ப்பது, அடுக்குவது, மேலே தூவுவது.

உங்கள் மாற்றம் அந்தக் கடைசிக் கால்வாசிக்குள் அடங்கினால் எளிதாக நடக்கும். அடங்காவிட்டால் நடக்காது, அல்லது நடந்ததுபோல் காட்டப்படும்.

மேலே தூவும் கொத்தமல்லி, கடைசியில் ஊற்றும் கிரீம், சாலட்டில் கலக்கும் டிரெஸ்ஸிங், சாண்ட்விச்சுக்குள் வைக்கும் தக்காளி, ஆர்டரின்போதே அடிக்கும் முட்டை, தணலில் வாட்டும் துண்டுகளின் பதம் ஆகியவற்றைத் தாராளமாக மாற்றலாம். அரைத்துச் சேர்த்த பூண்டு, ஊறிய மசாலாவின் உப்பு, மாவில் பிசைந்த வெண்ணெய், காலையிலேயே கொதித்த சூப்பில் கரைந்துவிட்ட வெங்காயம் ஆகியவற்றை ஒன்றும் செய்ய முடியாது. "சூப்பில் வெங்காயம் வேண்டாம்" என்று ஒருவர் கேட்க, புதிதாக வந்த ஒரு சர்வர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கிண்ணத்திலிருந்த வெங்காயத் துண்டுகளைக் கரண்டியால் எடுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த வெங்காயம் போயிற்று. சாறு முழுக்க வெங்காயம்தான்.

இதே காரணத்தால்தான் பர்கர் போன்றவற்றில் மாற்றம் கேட்பது சுலபம். அவை ஒவ்வோர் ஆர்டருக்கும் அடுக்கப்படுபவை. 1974-இல் பர்கர் கிங் நிறுவனம் "உங்கள் விருப்பப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பொருளில் ஒரு விளம்பரத்தைத் தொடங்கி, மாற்றம் கேட்பதையே விற்பனைச் சரக்காக்கிக்கொண்டது. ஊறுகாய்த் துண்டை வைக்காமல் விடுவதற்கு யாருக்கும் கூடுதல் வேலை இல்லையே.

2. மெனுவை ஒரு கையிருப்புப் பட்டியலாகப் படியுங்கள்

மெனுவில் நீங்கள் ஆர்டர் செய்யப்போகும் வரியை மட்டும் பார்க்காமல் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏதோ ஓர் உணவில் காளான் இருந்தால் சமையலறையில் காளான் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் உங்கள் நூடுல்ஸில் கோழிக்குப் பதில் காளான் கேட்கலாம். மெனுவில் எங்குமே இல்லாத பொருளைக் கேட்டால், அதை வாங்கிவர யாரும் கடைக்கு ஓடப்போவதில்லை.

இன்னொன்று, ஐந்து மாற்றங்கள் செய்தால்தான் ஓர் உணவு உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அந்த உணவு உங்களுக்கானது இல்லை. பக்கத்து வரியில் நீங்கள் கேட்பதற்கு நெருக்கமான வேறொன்று இருக்கும். ஓர் உணவுக்கு இரண்டு மாற்றம் என்பது என் கணக்கு. மூன்றாவதைச் சொல்லும்போது முதலாவது மறந்துவிடும். இதை ஆயிரம் சீட்டு எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன்.

3. வேண்டாமா, கூடாதா?

பிடிக்காது என்பது ஒன்று. கொள்கைக்காகவோ சமயத்துக்காகவோ சாப்பிடுவதில்லை என்பது இன்னொன்று. சாப்பிட்டால் ஆபத்து என்பது முற்றிலும் வேறு. மூன்றையும் "வேண்டாம்" என்ற ஒரே சொல்லால் சொல்வதுதான் குழப்பத்தின் வேர். கடலை பிடிக்காதவருக்கு, மேலே தூவிய கடலையை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஒவ்வாமை உள்ளவருக்கு அது தீராது.

கொள்கைக்காகத் தவிர்ப்பவர்கள் "சைவமா?" என்று மட்டும் கேட்காமல் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. காய்கறி சூப்பின் அடியில் கோழிச் சாறு இருக்கலாம். வூஸ்டர்ஷயர் சாஸில் வழக்கமாக நெத்திலி மீன் சேர்கிறது. பார்மேசான் பாலாடைக்கட்டியைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். ஆடி அசையும் இனிப்புகளில் உள்ள ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. சர்வருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். "அடியில் ஊற்றும் சாறு எதில் செய்தது என்று உள்ளே கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள்.

4. ஒவ்வாமை இருந்தால்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கடுமையான ஒவ்வாமை உள்ளவர் நேரில் போய் உட்கார்ந்த பிறகு விசாரிக்கத் தொடங்கக் கூடாது. முன்கூட்டியே தொலைபேசியில் பேசுங்கள். மதியக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் தொடங்கும் முன் உள்ள நேரமே நல்லது. அப்போதுதான் தலைமைச் சமையல்காரர் இரண்டு நிமிடம் நின்று பேசுவார். உணவகத்துக்குப் போனதும், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே, முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிடுங்கள். குடிக்க என்ன, சாப்பிட என்ன என்று எல்லாம் முடிந்து சர்வர் திரும்பும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் சொல்லும் "ஆங், எனக்குக் கடலை ஆகாது" என்பது சீட்டில் ஏறாமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

கேட்க வேண்டியவை மூன்று. அந்தப் பொருள் உணவில் இருக்கிறதா? சாஸ், மசாலாப் பொடி, மாவு போன்ற வாங்கிய பொருள்களுக்குள் ஒளிந்திருக்கிறதா? அது பட்ட எண்ணெய், கத்தி, பலகை, வாணலி ஆகியவை உங்கள் உணவைத் தொடுகின்றனவா? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இறால் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் பொரியும். கொதிக்கும் எண்ணெயில் எல்லாம் எரிந்துபோய்விடும் என்பது தவறான நம்பிக்கை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் பொரிக்கும் சூட்டிலும் தாக்குப்பிடிக்கும்.

சொற்களிலும் கவனம் தேவை. பால் செரிக்காமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. முன்னது பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவதால் வருவது. வயிற்று உப்புசத்தோடும் வயிற்றுப்போக்கோடும் போய்விடும். பின்னது பால் புரதத்துக்கு உடலின் எதிர்ப்பாற்றல் காட்டும் எதிர்வினை. உயிருக்கே உலை வைக்கலாம். பால் ஒவ்வாமை உள்ளவருக்கு "லாக்டோஸ் இல்லாத பால் இருக்கிறது" என்று சர்வர் அன்போடு சொன்னால் அதை வாங்கிவிடாதீர்கள்; அதிலும் பால் புரதம் இருக்கிறது. அதேபோல் கோதுமை இல்லாத உணவு வேண்டும் என்று கேட்டு, அதில் சோயா சாஸ் ஊற்றிக் கொண்டுவந்தால் கேட்டதே வீண். வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்தே காய்ச்சப்படுகிறது. கோதுமை போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாத சீலியாக் நோயாளிகளுக்கு எவ்வளவு சிறு அளவும் பொருட்டு என்பதற்கு ஓர் எண்: பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வரையறுத்தபடி "குளூட்டன் அற்றது" என்று சொல்ல, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மாவு பறக்கும் சமையலறையில் அதை எட்டுவது சாதாரண வேலை இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலை உணவகங்களும் தர வேண்டும் என்பது சட்டம். கடுகு, எள், செலரி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அமெரிக்காவில் பொட்டல உணவுகளில் குறிப்பிட வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் எட்டாக இருந்தன. 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. சட்டம் எதுவாக இருந்தாலும் உங்கள் பொருளின் பெயரை நீங்களே சொல்லுங்கள். மொழி தெரியாத ஊருக்குப் போவதானால் அந்த ஊர் மொழியில் எழுதிய சிறு அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சர்வர் சமையலறைக்கே எடுத்துப்போகலாம், வாய்வார்த்தையைவிட நம்பகமானது. கடுமையான ஒவ்வாமை வந்தால் உடனே போட்டுக்கொள்ள மருத்துவர் எழுதிக்கொடுத்த எபிநெஃப்ரின் ஊசி சட்டைப் பையில் இருக்கட்டும், அறையில் விட்டுவந்த பெட்டியில் இருந்து பயனில்லை.

எனக்குத் தெரிந்து ஒரு சர்வர் தரக்கூடிய மிக நல்ல பதில் "தெரியவில்லை, கேட்டுவிட்டு வருகிறேன்" என்பதுதான். "இருக்காது என்று நினைக்கிறேன்" என்பது மிக மோசமான பதில். இரண்டாவதைக் கேட்டால் வேறு உணவுக்குப் போய்விடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. பிடிக்காததற்கெல்லாம் "அலர்ஜி" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல் சீட்டில் ஏறியதும் ஒருவர் கையைக் கழுவி, புதிய பலகை எடுத்து, வாணலியைத் தேய்த்து, மற்ற ஆர்டர்களை நிறுத்திவைத்துச் சமைப்பார். ஒருநாள் இரவு பாலுக்கு ஒவ்வாமை என்று சொன்ன ஒருவருக்காக இத்தனையும் செய்தோம். சாப்பிட்டு முடித்ததும் ஐஸ்கிரீம் இரண்டு கரண்டி கேட்டார். அந்தச் சீட்டை உள்ளே கொண்டுபோனபோது மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அடுத்து வந்த உண்மையான ஒவ்வாமைக்காரரை அவர் எவ்வளவு நம்பியிருப்பார்?

5. சீட்டில் எழுதக்கூடியபடி சொல்லுங்கள்

சமையலறைக்குப் போவது நீங்கள் சொன்ன கதை இல்லை, ஒரு சிறு சீட்டில் நான்கைந்து சொற்கள். கணினியில் அடிக்கும் இடங்களில் இன்னும் மோசம். "வெங்காயம் இல்லாமல்", "சாஸ் தனி" என்று முன்கூட்டியே வைத்திருக்கும் பொத்தான்களில் ஒன்றை அழுத்துவார்கள். எனவே உங்கள் கோரிக்கை பொத்தான் அளவில் இருக்கட்டும்.

ஒரு வாடிக்கையாளர் இப்படிச் சொல்வார்: "தம்பி, இந்த நூடுல்ஸ் போன வாரம் சாப்பிட்டேன், கொஞ்சம் எண்ணெயாக இருந்தது, எனக்கு வயிற்றுக்கும் சரியில்லை, டாக்டர் வேறு திட்டினார், பார்த்து நன்றாகச் செய்யச் சொல்லுங்கள்." நான் எதை எழுதுவது? "நன்றாக" என்று எழுதினால் மற்றதெல்லாம் மோசமாகவா செய்கிறோம் என்று மாஸ்டர் கேட்பார். இன்னொருவர் சொல்வார்: "தம்பி, ஒரு நூடுல்ஸ். எண்ணெய் பாதி. மிளகாய் சாஸ் தனிக் கிண்ணத்தில்." அவ்வளவுதான், அப்படியே சீட்டில் போய்விடும்.

"காரம் கம்மி", "உப்பு பார்த்து" போன்றவற்றுக்கு ஆளுக்கோர் அளவு. அதைவிட "பச்சை மிளகாய் போட வேண்டாம்", "மிளகு மேலே தூவ வேண்டாம்" என்று பொருளைச் சொல்வது நல்லது. சொல்லி முடித்ததும் "ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள் தம்பி" என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல சர்வர் கேட்காமலேயே சொல்வார். கூட்டமாகப் போயிருந்தால் எந்த மாற்றம் யாருடைய தட்டுக்கு என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள். எட்டுப் பேர் மேசையில் ஒரே உணவு மூன்று வந்தால் வெங்காயமில்லாத தட்டு எது என்று கண்டுபிடிப்பது, கொண்டுவருகிறவருக்கும் புதிர்தான்.

எல்லாக் கோரிக்கைகளிலும் எனக்குப் பிடித்தது "தனியாக". சாஸ் தனியாக, டிரெஸ்ஸிங் தனியாக, வெண்ணெய் தனியாக. சமையலறைக்கு வேலை குறைவு, அளவு உங்கள் கையில், சாலட்டும் சொதசொதவென்று ஆகாது. எதைக் கேட்பது என்று குழம்பினால் இதைக் கேளுங்கள்.

6. இறைச்சியின் பதம்

பதம் சொல்வது உங்கள் உரிமை, ஆனால் எல்லை உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரைப்படி முழுத் துண்டு மாட்டிறைச்சியின் உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸை எட்டி மூன்று நிமிடம் ஆற வேண்டும். கொத்திய மாட்டிறைச்சிக்கு 71, கோழிக்கு 74. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது அவை உள்ளேயும் கலந்துவிடும். அதனால்தான் ஸ்டேக்கைச் சிவப்பாகத் தருகிற அதே இடம் பர்கர் கொத்திறைச்சியை அரைவேக்காட்டில் தர மறுக்கலாம். அது பிடிவாதம் இல்லை. நன்றாக வேக வேண்டும் என்று கேட்பவர்கள், உடன் வந்தவர்களின் தட்டு முதலில் வந்துவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். வேக நேரம் வேண்டும்.

7. விலையை முன்பே கேட்டுவிடுங்கள்

கூடுதலாகக் கேட்டால் கூடுதல் விலை, இதில் யாருக்கும் சந்தேகமில்லை. நீக்கச் சொன்னால் ஏன் குறைப்பதில்லை என்றுதான் பில் வந்ததும் சண்டை. ஓர் உணவின் விலையில் சமைப்பவர் சம்பளம், வாடகை, எரிவாயு எல்லாம் சேர்ந்திருக்கிறது. எடுத்துவிட்ட நான்கு துண்டுத் தக்காளிக்கு அதில் பங்கு மிகச் சிறியது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கேட்கும்போதுதான் கணக்கு மாறும். காய்க்குப் பதில் காய் என்றால் பெரும்பாலும் சும்மா செய்வார்கள், காய்க்குப் பதில் இறால் என்றால் செய்ய மாட்டார்கள். "இதற்குத் தனியாக ஏதாவது போடுவீர்களா?" என்ற ஒரு கேள்வி பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்த்துவிடும்.

8. முடியாது என்று சொன்னால்

முடியாது என்பதில் இரண்டு வகை. ஒன்று, நிஜமாகவே முடியாதது: ஊறிவிட்டது, கலந்துவிட்டது. மற்றது, செய்ய மனமில்லாதது: சமையல்காரர் ஒரு சுவைக்கணக்கோடு செய்ததைக் கலைக்க விரும்பவில்லை, அல்லது அடுப்படியில் அப்போது மூச்சுவிட நேரமில்லை. எது என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: "சரி, இதில் என்ன மாற்ற முடியும்?" வழி இருந்தால் இங்கே வெளியே வரும். வாக்குவாதத்தால் எதுவும் மாறி நான் பார்த்ததில்லை. வரிசையாகப் பத்து உணவு வரும் நிலையான மெனு உள்ள இடங்களில் முன்பதிவின்போதே சொல்லாவிட்டால் அன்றிரவு ஒன்றும் செய்ய முடியாது.

மாற்றம் கேட்டு, கோபத்தில் பிறந்த உணவு என்று ஒரு பிரபலமான கதை உண்டு. 1853-இல் நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸில் ஒரு வாடிக்கையாளர் உருளைக்கிழங்கு தடிமனாக இருக்கிறது என்று திருப்பித் திருப்பி அனுப்ப, ஜார்ஜ் கிரம் என்ற சமையல்காரர் எரிச்சலில் தாள்போல் சீவிப் பொரித்து அனுப்பினாராம், சிப்ஸ் பிறந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்துச் சமையல் குறிப்பு ஒன்றில் உருளைக்கிழங்கைச் சீவல்களாகப் பொரிக்கும் முறை இருக்கிறது. சமையல்காரரை எரிச்சலூட்டினால் நல்லது நடக்கும் என்று நம்பி யாரும் போய்விடாதீர்கள்.

9. தட்டு வந்ததும்

முதல் கவளத்துக்கு முன் ஒருமுறை கிளறிப் பாருங்கள். பாதி சாப்பிட்ட பிறகு "இதில் காளான் இருக்கிறதே" என்றால் யாருக்கும் தர்மசங்கடம். தவறு இருந்தால் உடனே, மெதுவான குரலில், "நான் காளான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்" என்று உள்ளதைச் சொன்னால் போதும். தவறு யாருடையது என்ற விசாரணை உங்கள் மேசையில் நடக்க வேண்டாம்.

விருப்பத்துக்காகக் கேட்டது என்றால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதா, மாற்றுவதா என்பது உங்கள் பாடு. ஒவ்வாமைக்காகக் கேட்டது என்றால் ஒதுக்கிச் சாப்பிடக் கூடாது. புதிதாகச் செய்து தரச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சிறு தந்திரம்: புதிய தட்டு வரும்வரை பழைய தட்டை மேசையிலேயே வைத்திருங்கள். உள்ளே போன தட்டு, மேலே இருந்த கடலை மட்டும் நீக்கப்பட்டுத் திரும்பி வராது என்பதற்கு அதுதான் உத்தரவாதம். எல்லா இடத்திலும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்லவில்லை. செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

10. செயலி வழியாக ஆர்டர் செய்தால்

குறிப்புப் பெட்டியில் எழுதுவதைச் சமையலறையில் படிப்பார்கள் என்று நம்ப வேண்டாம். படித்தால் நல்லது, அவ்வளவுதான். செயலியே தரும் தேர்வுகளில் "வெங்காயம் இல்லாமல்" இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வாமை விஷயமானால் உணவகத்தையே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.

11. ஒரே இடத்துக்குத் திரும்பிப் போங்கள்

இதை வழிமுறை என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட இது நன்றாக வேலை செய்கிறது. ஒரே இடம், முடிந்தால் ஒரே சர்வர், ஒரே மாற்றம். மூன்றாவது முறை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

எங்கள் உணவகத்தில் ஜன்னலோர மேசைக்கு வாரம் இரண்டு முறை ஒரு பெரியவர் வருவார். காளான் சூப், கிரீம் இல்லாமல், மிளகு தனியாக. சில மாதங்களில் நான் அதை எழுதுவதையே விட்டுவிட்டேன். "ஜன்னல் தாத்தா" என்று சீட்டில் போட்டால் உள்ளே புரிந்துகொள்வார்கள். ஒருநாள் அவருக்கே கிரீம் போட்டுச் சாப்பிட ஆசை வந்துவிட்டது. "ஜன்னல் தாத்தா, கிரீமோடு" என்று எழுதிக் கொண்டுபோனேன். பையன் அவசரத்தில் தவறாக எழுதிவிட்டான் என்று மாஸ்டர் தானே திருத்திக்கொண்டு, கிரீம் இல்லாமலே அனுப்பிவிட்டார்.